முதுமையில் டார்வின் வளர்த்த புல்முளைகள்

சாள்ஸ் டார்வின் என்னும் பெயரைச் செவியுற்ற மாத்திரத்தே நம் மனக்கண்முன் தோன்றுவன யாவை? 'பீகிள்' என்னும் கப்பல், கலாபகோஸ் தீவுகளின் ஆமைகளும் குருவிகளும், 1859ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் திகதி வெளிவந்து உலகைக் கலக்கிய 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூல், அந்நூலையொட்டி எழுந்த ஓயாத வாதப் பிரதிவாதங்கள் என்பனவே. வாழ்நாளின் இறுதிக் கூற்றிலே, எழுபது வயதளவில், சாடியொன்றிற் புல்விதை தூவி, முளைத்தெழுந்த ஒவ்வொன்றின் தலையிலும் ஈயத்தாளினாற் சிறு குல்லாய் அணிவித்து, அது வெளிச்சத்தை நோக்கி வளைகின்றதா என்று பார்த்திருந்த முதியவரை நம்மிற் பலர் அறியார். உயர்வகுப்பு மாணவர் ஓரளவு அறிவர். அவர்களுடைய தாவரவியற் பாடநூலிலே 'டார்வினின் பரிசோதனை' என்ற தலைப்பின்கீழ் மூன்று நான்கு முளைகளின் படம் இருக்கும். ஒன்று வளைந்திருக்கும், குல்லாயணிந்தது நிமிர்ந்திருக்கும். படத்தைப் பார்த்து வரைந்து புள்ளி பெறுவதோடு விடயம் முடிந்துவிடும். அந்தப் பரிசோதனை எந்த வீட்டில், எத்தகைய துயரின் நிழலில், யாருடைய துணையோடு நிகழ்ந்தது என்பதையும், அதன் பொருட்டு அவ்வறிஞர் எத்தகைய ஏளனத்துக்கு ஆளாயினார் என்பதையும் பாடநூல் சொல்வதில்லை.

டார்வின் 1809ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் திகதி இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரிற் பிறந்தார். தந்தையார் புகழ்வாய்ந்த வைத்தியர். பாட்டனார் எராஸ்மஸ் டார்வினும் வைத்தியரே. அவர் தாவரங்களைப் பற்றிச் செய்யுள் நூலும் இயற்றியவர். பேரனையும் வைத்தியனாக்க விரும்பிய குடும்பம் அவரை எடின்பரோவுக்கு அனுப்பிற்று. மயக்க மருந்து அறியப்படாத அக்காலச் சத்திரசிகிச்சையைக் காணச் சகியாது அவர் அப்படிப்பைக் கைவிட்டார். பின்னர்ச் சமயகுருவாகும் நோக்கத்துடன் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே தாவரவியற் பேராசிரியராயிருந்த ஹென்ஸ்லோ என்பாரின் நட்புக் கிடைத்தது. 'பீகிள்' கப்பலில் இடங்கிடைத்ததும் அவர் மூலமாகவே. 1831ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் திகதி புறப்பட்ட அக்கப்பல் 1836 ஒக்டோபரிலே தாயகம் மீண்டது. 1839இல் தம் மாமன் மகளாகிய எம்மா வெட்ஜ்வூட் என்பாரை மணந்தார். 1842இல் இலண்டனைவிட்டுக் கென்ற் மாகாணத்து டவுண் என்னும் சிற்றூரிற் குடியேறினார். அதன்பின் நாற்பது ஆண்டுகள், இறக்கும்வரை, அந்த வீடே அவர் உலகம். ஐந்தாண்டு கடலோடிய அவர் பின்னர் பிரித்தானியாவை விட்டு ஒருமுறையேனும் வெளியே போனாரில்லை.

இவ்வாறு அவரை வீட்டோடு கட்டிவைத்தது நோய். வயிற்றுக் கோளாறும் தலைச்சுற்றும் வாந்தியும் அவரை இளமை கடக்குமுன்னரே பற்றிக்கொண்டன. வேலை செய்யக்கூடிய நேரம் நாளொன்றுக்கு மூன்று நான்கு மணியே. வீட்டுக்குள்ளும் தோட்டத்துள்ளும் கைக்கெட்டிய பொருள்களைக்கொண்டே ஆராய வேண்டிய நிலை. செடிகொடிகள் இதற்கு வாய்ப்பாக அமைந்தன. செடி ஓடிப்போவதில்லை, நோயாளி எழுந்து வரும்வரை காத்திருக்கும். ஓர்க்கிட் மலர்கள், கொடிகள், பூச்சிகளை உண்ணும் செடிகள் என ஒன்றன்பின் ஒன்றாக அவர் நூல்கள் வெளிவந்தன. வேண்டிய விதைகளும் செடிகளும் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து வந்தன. தூரதேசத்துத் தாவரவியலாருக்கும் அவர் ஓயாது கடிதம் எழுதினார். எமது பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த துவெயிற்ஸ் என்பாரும் அவருடன் கடிதத் தொடர்பு பூண்டிருந்தோருள் ஒருவர்.

பத்துப் பிள்ளைகளைப் பெற்ற டார்வின் தம்பதியர் மூவரைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்தனர். 1851இல் பத்து வயது மகள் ஆனி இறந்தது தந்தையின் நெஞ்சிலே ஆறாத புண்ணாயிற்று. எஞ்சியோருள் தந்தையின் தாவர ஆராய்ச்சியிலே முழுமனத்துடன் தோய்ந்தவர் 1848இற் பிறந்த பிரான்சிஸ். அவர் வைத்தியம் கற்றுத் தேறியும் அத்தொழிலைச் செய்யாது, தந்தைக்கு எழுத்தாளராகவும் ஆராய்ச்சித் துணைவராகவும் அமைந்தார். 1874இல் ஏமி ரக் என்னும் வேல்ஸ் நாட்டு நங்கையை மணந்து, டவுண் கிராமத்திலேயே தனிக்குடித்தனம் நடத்தினார். இரண்டாண்டு சென்றது. 1876 செப்டெம்பரில் ஓர் ஆண்மகவு பிறந்தது; பிறந்த சில நாட்களில் தாய் காய்ச்சல் கண்டு மறைந்தாள். இருபத்தெட்டு வயதில் மனைவியை இழந்த பிரான்சிஸ், கைக்குழந்தையோடு தாய்தந்தையர் வீட்டுக்குத் திரும்பினார். குழந்தைக்கு பேர்ணாட் என்று பெயர். அறுபத்தெட்டு வயதான எம்மா மீண்டும் தொட்டிலாட்டத் தொடங்கினார். நெடுங்காலமாகக் குழந்தையொலி கேளாதிருந்த வீடு அது. பாட்டனாருக்கு அக்குழந்தை பேரின்பமாயிற்று.

முளைகளைப் பற்றிய பெரும் ஆராய்ச்சி இதற்கடுத்த ஆண்டளவிலேயே தொடங்குகின்றது. துயரத்தில் ஆழ்ந்த மகனை வேலையில் ஈடுபடுத்தவே தந்தை இதனைத் தொடங்கினார் என்று நாம் கற்பித்துக் கூறுதல் பொருந்தாது. கொடிகளைப் பற்றி அவர் முன்னரே எழுதிய நூலின் இயல்பான தொடர்ச்சி அது. ஆயினும், மகனும் தந்தையும் ஒரே மேசையிற் குனிந்து, மணிக்கொரு தடவை ஒரு முளையின் நுனி எங்கே நிற்கின்றதெனக் குறித்துக்கொண்டிருந்த அந்த மூன்றாண்டுகள் இருவருக்கும் எத்தகைய ஆறுதலாயிருந்திருக்கும் என எண்ணாதிருக்க முடியவில்லை.

அவர்கள் கையாண்ட கருவிகளோ மிக எளியன. மயிரிழை போன்ற கண்ணாடி நூலொன்றை முளையின்மீது அரக்குக் கரைசலால் ஒட்டுவர். அதன் நுனியில் முத்திரை மெழுகின் துளியொன்று மணிபோலிருக்கும். அதன் பின்னே ஒரு சிறு அட்டையில் கரும்புள்ளி. எதிரே கண்ணாடித் தட்டொன்றை நிறுத்தி, மணியும் புள்ளியும் ஒன்றன்மேலொன்று பொருந்தித் தோன்றும் இடத்தைத் தட்டின்மீது மையாற் குறிப்பர். சிறிது நேரங் கழித்து மீண்டும் ஒரு குறி. பின் குறிகளையெல்லாம் கோட்டினால் இணைத்தால், கண்ணுக்குப் புலனாகாத முளையின் நடமாட்டம் பெரிதாகித் தெரியும். பகலென்றும் இரவென்றும் பாராது இது நடந்தது. ஆய்வுகூடம் என்று சொல்லத்தக்கதொன்றும் அங்கில்லை. வாசிப்பறையும், 1863ஆம் ஆண்டு கட்டிய வெப்பக் கண்ணாடிக்கூடமுமே எல்லாம்.

வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வருமாயின் இளஞ்செடி அப்பக்கம் சாயும் என்பது யாவரும் அறிந்ததே. யன்னலோரத்துச் சாடியைப் பார்த்தால் எவருக்கும் விளங்கும். ஏன் சாய்கின்றது என்பதே வினா. அக்காலத்து விளக்கம் எளிமையானது. ஒளி வளர்ச்சியைத் தடுக்கும்; வெளிச்சம் பட்ட பக்கம் குறைவாகவும் நிழற்பக்கம் மிகுதியாகவும் வளரும்; ஆதலின் தண்டு வளையும் என்றனர். அதாவது, ஒளி எங்கே படுகின்றதோ அங்கேதான் விளைவு. செடி ஒன்றையும் உணரவேண்டியதில்லை. வெயிலிற் கிடந்த பலகை ஒருபுறம் காய்ந்து கோணுவதுபோலத் தானும் கோணுகிறது. இவ்விளக்கம் டார்வினுக்கு நிறைவளிக்கவில்லை.

அவர் தேர்ந்தெடுத்தது கனேரிப் புல். கூண்டுக் குருவிக்கு இரையாகக் கடையில் விற்கும் தானியம் அது. புல்லினத்து முளை மண்ணைத் துளைத்து வருகையில், முதலிலையை மூடிக் காக்கும் மெல்லிய குழாய்போன்ற உறையொன்றே மேலே தெரியும். இதனை முளையுறை என்போம். இலையுமில்லை, கிளையுமில்லை; பரிசோதனைக்கு இதனினும் நேரிய பொருள் கிடைத்தலரிது. வெளிச்சத்தை நோக்கி வளைகையில் முதலில் நுனி வளைகின்றது. பின் அவ்வளைவு படிப்படியாகக் கீழிறங்கி அடிப்பகுதியை அடைகின்றது. இதைக் கண்ட டார்வினுக்கு ஓர் ஐயம் எழுந்தது: நுனியிலே வெளிச்சம் படாதவாறு செய்தால் அடி வளையுமா?

நுனிக்கு ஈயத்தாட் குல்லாயும், கறுப்பு மை பூசிய மிகச் சிறிய கண்ணாடிக் குழாயும் அணிவிக்கப்பட்டன. யன்னலோரத்தில் மணிக்கணக்காக வைத்தும் அம்முளைகள் நிமிர்ந்தே நின்றன. பக்கத்தில் நின்ற, குல்லாயற்ற முளைகளோ யன்னலை நோக்கி நன்றாக வளைந்தன. குல்லாயின் பாரமோ அழுத்தமோ வளைவைத் தடுத்திருக்கலாமன்றோ? இந்த ஐயத்தையும் அவர் விட்டுவைத்தாரில்லை. மை பூசாத தெளிந்த கண்ணாடிக் குழாயை அணிவித்துப் பார்த்தார், அவை வளைந்தன. பின்னர் நுனியைத் திறந்துவிட்டு அடிப்பகுதியை மட்டும் மறைத்தார். நுண்ணிய கரிய மணலிலே புதைத்தும் பார்த்தார். ஒளியே படாத அந்த அடிப்பகுதி வளைந்தது. இங்கேதான் பழைய விளக்கம் உடைந்தது. வெளிச்சம் படுமிடம் ஒன்று, வளையுமிடம் வேறொன்று. ஆகவே நுனியிலிருந்து அடிக்கு ஏதோவொன்று செல்லவேண்டும். அது யாதென்று டார்வினுக்குத் தெரியாது. தெரிந்ததாக அவர் பாவனை செய்யவுமில்லை. மேலிருந்து கீழே ஒரு தாக்கம் கடத்தப்படுகின்றது என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். ஓர் அறிஞனின் பெருமை அவன் எங்கே நிறுத்துகிறான் என்பதிலும் உண்டென்பது எமது கருத்து.

இந்த முளைகளின் நுண்ணுணர்வு அவரை வியப்பிலாழ்த்திற்று. ஒருமுறை தூரத்தே மங்கலான விளக்கொன்றை வைத்தனர். முளைகளின் அருகே ஒரு பென்சிலை நிறுத்தி வெள்ளை அட்டையிற் பார்த்தபோது, அதன் நிழல் மனிதக் கண்ணுக்குத் தென்படவில்லை. அத்துணை அற்ப ஒளி. ஆயினும் கனேரிப் புல்லின் முளைகள் அவ்விளக்கின் திசையை அறிந்து அதனை நோக்கி வளைந்தன. தந்தையும் மகனும் விளையாட்டாகவும் சிலவற்றைச் செய்து பார்ப்பதுண்டு. செடியொன்றினருகே பிரான்சிஸ் தம் ஊதுகுழலை வாசிக்குமாறு ஏவப்பட்டார். செடி அசைந்து கொடுக்கவில்லை. மூடத்தனமென்று பிறர் ஒதுக்குவதையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது டார்வினின் வழக்கம்.

இன்று நாம் அறிந்தவற்றைக்கொண்டு நோக்கின், அந்தக் குல்லாயின்கீழ் நிகழ்ந்தது இதுவே. முளையின் உயிரணுக்களில் நீல ஒளியை உறிஞ்சும் புரதமொன்றுண்டு. 1990களில் இனங்காணப்பட்ட அதற்கு ஒளித்திருப்பத்தையொட்டி போட்டோட்ரொப்பின் எனப் பெயரிட்டுள்ளனர். முளையுறையில் நுனியே மிகக் கூரிய உணர்ச்சியுடையது. நுனியில் ஊறும் ஒட்சின் என்னும் வளர்ச்சி ஓமோன் சாதாரணமாக எல்லாப் பக்கமும் ஒருசேரக் கீழிறங்கும். ஒரு பக்கம் ஒளி பட்டதும் அது நிழற்பக்கத்துக்கு ஒதுங்கி, அவ்வழியே மிகுதியாக இறங்குகின்றது. அங்குள்ள உயிரணுக்களின் சுவர் நெகிழ்ந்து, அவை நீண்டு வளர்கின்றன. முளை ஒளிப்பக்கம் சாய்கின்றது. குல்லாயணிந்த நுனிக்கு ஒளியின் திசை தெரியாதாகையால் ஒட்சின் ஒதுங்குவதில்லை.

முளையின் வாழ்விலே ஒளி செய்வது இது மட்டுமன்று. பயற்றை நனைத்துச் சட்டியால் மூடி இரண்டு மூன்று நாள் வைத்துப் பாருங்கள். வெளுத்து, மெலிந்து, கொக்கிபோற் தலைகுனிந்து, நெடுநெடுவென்று வளர்ந்திருக்கும். இருளிலே கிபரலின் என்னும் மற்றொரு ஓமோன் வளர்ச்சிக்கிருந்த தடைகளை நீக்கிவிட, தண்டை நீட்டும் புரதங்கள் தங்குதடையின்றித் தொழிற்படும். மண்ணை முட்டி மேலே வரவேண்டிய முளைக்கு அது தேவை. வெளிச்சம் பட்டதும் 1959ஆம் ஆண்டு அமெரிக்க விவசாயத் திணைக்களத்தார் பிரித்தெடுத்துக் காட்டிய பைற்றோகுரோம் என்னும் நிறப்பொருள் அப்புரதங்களை அழிக்கின்றது. தண்டின் ஓட்டம் அடங்கி, தலை நிமிர்ந்து, இலை விரிந்து பச்சை பிடிக்கின்றது. ஓமோன் என்ற சொல்லே அறிவியலில் வழங்குவதற்கு முந்திய காலத்தில், இந்தப் பெருங்கோட்டையின் முதற் கதவைத் தட்டியவர் டவுண் கிராமத்து முதியவர்.

அவர் எண்ணியனவெல்லாம் சரியென்று யாம் வாதிக்கவில்லை. எல்லா முளைகளின் நுனிகளும் ஓயாது சிறு வட்டமிட்டு ஊசலாடுகின்றன என்பதை அவர் கண்டது உண்மை. ஒளித்திருப்பம், புவித்திருப்பம், இலைகளின் இரவுத்துயில் யாவும் அந்த ஊசலாட்டத்தின் மாறிய வடிவங்களே என்று முடிவுகட்டியது மிகை. அதனைப் பின்னோர் ஏற்றிலர். கூர்ப்புக் கொள்கையை வகுத்தவருக்கு யாவற்றையும் ஒரே மூலத்தில் அடக்கும் ஆசை இயல்புதான். வேரிலும் அவ்வாறே. அவரை முளையின் வேர்நுனியை வெட்டியும், வெள்ளி நைத்திரேற்றினாற் சுட்டும், அதனாற் புவியீர்ப்பை அறியும் ஆற்றல் நுனியிலேதான் உண்டென அவர் நாட்டினார். இது சரி. வேர்நுனியில் அரக்கினால் அட்டைத்துண்டு ஒட்டியபோது வேர் விலகி வளைந்தது கண்டு, அது தொடுகையை உணர்கின்றது என்றார். அரக்கினால் நேர்ந்த காயத்தின் விளைவே அதுவெனப் பிறர் மறுத்தனர், அம்மறுப்பில் நியாயமுண்டு. வேர்நுனியைத் தாழ்ந்த விலங்கொன்றின் மூளைக்கு ஒப்பிட்டு நூலை முடித்தமை எதிரிகளின் கோபத்தை இன்னும் கிளறிற்று.

எதிரிகளுள் தலையாயவர் ஜேர்மனியின் வூட்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜூலியஸ் சாக்ஸ். தாவர உடற்றொழிலியலின் முடிசூடா மன்னர் எனத்தக்க பெருமை அவருக்கிருந்தது. அவருடைய ஆய்வுகூடத்திலே பல நாட்டு மாணவர் குழுமினர். சுழலும் தட்டுகளும் அளவுகருவிகளும் நிறைந்த இடம் அது. பிரான்சிஸும் 1878இல் அங்கே சென்று அவரிடம் பயின்றார். தந்தைக்கு மகனைப் பிரிந்திருப்பது கடினமாயிருந்தது. எனினும் ஆராய்ச்சி நிற்கவில்லை. கடிதங்கள் கடல்கடந்து போயும் வந்துமிருந்தன. அவற்றிலே முளைகளின் செய்திகளோடு சின்னஞ்சிறு பேர்ணாட்டின் மழலைச் செய்திகளும் கலந்திருந்தன. அங்குள்ள கருவிகளையும் முறைகளையும் பற்றித் தந்தை கேட்டறிந்தார். பேராசிரியருக்கோ, ஒளி எங்கே படுகின்றதோ அங்குள்ள உயிரணுக்களையே தாக்குமென்பது உறுதியான கொள்கை. நுனி உணர்ந்து அடிக்குச் செய்தி அனுப்புவதென்பது அவர் காதுக்குக் கட்டுக்கதையாக ஒலித்தது.

1880ஆம் ஆண்டு நவம்பரில் 'தாவரங்களின் அசைவாற்றல்' என்னும் நூல் வெளிவந்தது. முகப்பிலே பிரான்சிஸின் துணையுடன் இயற்றப்பட்டதெனத் தந்தை பொறித்திருந்தார். மறுவருடமே வியன்னாப் பேராசிரியர் வீஸ்னர், நூல் முழுவதையும் மறுக்கும் பொருட்டுத் தனிநூலொன்று எழுதி வெளியிட்டார். ஜேர்மன் மொழியை மெல்ல மெல்லக் கூட்டி வாசிக்கும் டார்வின் அதனைப் பொறுமையாகப் படித்து, மறுப்புரையின் பண்பான நடைக்கு நன்றி தெரிவித்து நூலாசிரியருக்கே கடிதம் எழுதினார். சாக்ஸ் அத்தகைய பண்பைக் காட்டவில்லை. அவருடைய மாணவரொருவர் வேர்நுனி வெட்டும் பரிசோதனையை மீண்டும் செய்து முரணான முடிவைப் பெற்றார். 1882இல் வெளிவந்த தம் விரிவுரை நூலில் சாக்ஸ், டார்வினும் மகனும் கைத்திறமையின்றிச் செய்த பரிசோதனைகளுக்குப் பிழையான பொருள் கற்பித்தனர் என்று எழுதினார். வீட்டு வாசிப்பறையிலே சாடிகளோடு விளையாடிய கிராமத்துக் கனவானுக்கு ஆய்வுகூடத்து விஞ்ஞானம் வசப்படாது என்பதே அதன் உட்கருத்து. அதனைப் படித்த பிரான்சிஸ் ஒருவருக்கு மகன், மற்றவருக்கு மாணாக்கர்.

சாக்ஸைச் சிறியவராக்க யாம் விரும்பவில்லை. இலைகளில் மாப்பொருள் உண்டாவதற்கு வெளிச்சம் இன்றியமையாதது எனக் காட்டிய பெருமை அவருடையது. நீல ஒளியே முளையை வளைப்பது என்பதை 1864இல் அறிவித்தவரும் அவரே. அவர் கூற்றிலும் ஒரு துளி உண்மை உண்டு. இருவித்திலைத் தாவரங்களின் முளைகள் சிலவற்றில், ஒளியை உணர்வதும் வளைவதும் தண்டின் மேற்பகுதியிலேயே நிகழ்கின்றன என்று அண்மைக்கால ஆராய்ச்சி காட்டுகின்றது. கனேரிப் புல்லிலோ டார்வினே வென்றார்.

அந்த வெற்றியை அவர் காணவில்லை. 1881 ஒக்டோபரில் மண்புழுக்களைப் பற்றிய கடைசி நூல் வெளிவந்தது. அவ்வாண்டின் இறுதியில் நெஞ்சுநோவு தோன்றிற்று. 1882ஆம் ஆண்டு ஏப்ரில் 19ஆம் திகதி, எம்மாவும் பிள்ளைகளும் அருகிருக்க, டவுண் இல்லத்திலே உயிர்நீத்தார். ஊரிலேயே அடக்கஞ் செய்யக் குடும்பத்தார் எண்ணினர், நாடு இணங்கவில்லை. ஏப்ரில் 26ஆம் திகதி வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தில் அடக்கம் நடந்தது.

பிரான்சிஸ் கேம்பிரிட்ஜிலே தாவரவியல் கற்பிக்கச் சென்றார். தந்தையின் வாழ்க்கை வரலாற்றையும் கடிதங்களையும் 1887இல் வெளியிட்டார். 1894இல் ரொத்தேர்ட் என்னும் அறிஞர் முளைகளின் ஒளித்திருப்பத்தை விரிவாக மீண்டும் ஆராய்ந்து, டார்வின் கண்டது பெரும்பாலும் சரியே என்றார். 1899இல் பிரான்சிஸே ஓர் அழகிய பரிசோதனை செய்தார். புல்லினத்து முளையொன்றின் நுனியைச் சிறு கண்ணாடிக் குழாயிற் செருகிக் கிடையாகப் பிடித்துவைத்து, உடலைத் தொங்கவிட்டார். சாதாரண முளை நிமிர்ந்ததும் வளைவை நிறுத்திவிடும். இதுவோ நிறுத்தவில்லை. நுனி கிடையாகவே இருந்ததால், இன்னும் நிமிரவில்லை, இன்னும் நிமிரவில்லை என்று அது அறிவித்துக்கொண்டேயிருந்தது. தண்டு சுற்றிச் சுற்றி நத்தையோடுபோலச் சுருண்டது. உணர்வது நுனி, பணிவது தண்டு என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை. சாக்ஸ் அதற்கு இரண்டாண்டு முன்னரே இறந்துவிட்டார்.

நுனியிலிருந்து இறங்குவது யாது என்பதே எஞ்சிய வினா. டென்மார்க்கின் பொய்சன் யென்சன் 1910ஆம் ஆண்டு தொடக்கம், நுனியை வெட்டி இடையே ஜெலற்றின் துண்டை வைத்தாலும் செய்தி கடக்கின்றது, அப்பிரகத் தகடு அதனைத் தடுக்கின்றது எனக் காட்டினார். ஹங்கேரியரான பால் 1919இல், வெட்டிய நுனியை ஒரு பக்கமாக விலக்கி வைத்தால் இருளிலேயே முளை வளையுமென்று கண்டார். ஆகவே அது கரைந்து ஊறும் பொருளொன்றாதல் வேண்டும். அதனைச் செடிக்கு வெளியே பிடித்துக் காட்டியவர் ஒல்லாந்து நாட்டின் உத்ரெக்ற் நகரத்து இளைஞர் பிரிற்ஸ் வென்ற்.

வென்ற் அப்போது பகலிற் கட்டாய இராணுவ சேவை செய்துவந்தார்; இரவில் ஆய்வுகூடம். அவர் தந்தையார் அங்கே தாவரவியற் பேராசிரியர். பிரான்சிஸ் டார்வின் 1925 செப்டெம்பரிற் காலமாகி ஏழு மாதங்கள் சென்றிருந்தன. 1926ஆம் ஆண்டு ஏப்ரில் 17ஆம் திகதி இரவு, ஓட்ஸ் முளைகளின் நுனிகளை ஏகார்த் துண்டின்மீது சிறிது நேரம் வைத்தெடுத்து, நுனியற்ற முளையொன்றின் ஒரு விளிம்பிலே அவ்வேகார்த் துண்டை மட்டும் வைத்து இருளில் விட்டார். பின்னிரவில் வந்து பார்க்கையில் முளை வளைந்திருந்தது. நுனியுமில்லை, ஒளியுமில்லை; ஏகாரில் ஊறிய பொருள் மட்டுமே. இளைஞர் வீட்டுக்கு ஓடித் தந்தையாரின் படுக்கையறைக்குட் புகுந்து, வளர்ச்சிப் பொருளைக் கண்டுகொண்டதாகக் கூவி எழுப்பினார். தந்தையார் தூக்கக் கலக்கத்திலே, நல்லது, பகலில் மீண்டும் செய்து காட்டு, உண்மையாயின் மறுபடியும் வரும் என்னும் கருத்துப்படச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அது மீண்டும் வந்தது. வளைவின் அளவைக்கொண்டே பொருளின் அளவைக் கணிக்கும் முறையும் 1928இல் வெளிவந்த வென்ற்றின் ஆய்விலே இடம்பெற்றது. 1934இல் அதே உத்ரெக்ற் நகரத்து இரசாயனவியலார், செடியிலன்று, மனிதச் சிறுநீரிலிருந்தே அவ்வாறு வளர்ச்சியைத் தூண்டும் பொருளொன்றைப் பிரித்தெடுத்து, அதனை இந்தோல் அசற்றிக்கமிலம் என்று இனங்கண்டனர். கிரேக்க மொழியில் வளர்தல் என்னும் பொருள்படும் வினையிலிருந்து ஒட்சின் என்ற பெயர் அவ்வினப் பொருள்களுக்கு வந்தது.